பத்தாவது வருஷம்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் எண்ணம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக, மழைக்காலம் முடிந்த முதல் வாரத்தில் மலைச் சரிவுக்குப் போய், கயிறு கட்டிய அதே கட்டத்துக்குள் மண்டியிட்டுச் செடிகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதுவது அவள் வேலை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு நாள் மண்டி போட்டுப் பார்த்தால் சிரிப்பெல்லாம் ஓடிவிடும்.

துறைத் தலைவராக வந்து மூன்று மாதம்கூட ஆகாத மனிதர் அவள் நோட்டை மேசைமேல் விட்டெறிந்தார். அவர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன். வீட்டில் அத்தான், இங்கே சார். இரண்டு இடத்திலும் ஒத்துப்போனதில்லை.

"நாற்பத்தொண்ணு, நாற்பத்தொண்ணு, நாற்பது, நாற்பத்தொண்ணு. பதினெட்டு வருஷமா இதேதான். யார் காதுல பூ சுத்தற?"

"அது முரடன் சார். அப்படித்தான் இருக்கும்."

முரடன் என்பது அவள் வைத்த பெயர். செருப்புத் தோல் மாதிரி தடித்த இலை. புது இலை விட ஆடி அசைந்து ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளும், விட்டதை லேசில் உதிர்க்காது. மழை கொட்டினாலும் பெருகாது, காய்ந்தாலும் சாகாது. பக்கத்திலேயே முளைக்கும் மெல்லிய இலைச் செடிக்கு அல்பாயுசு என்று பெயர் வைத்திருந்தாள். அது நல்ல மழைக்கு அறுநூறு முளைக்கும், மழை பொய்த்தால் ஐம்பது மிஞ்சுவதே பெரிய விஷயம்.

"போன வருஷத்து நம்பரைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்க. மொத்தப் பதிவையும் தள்ளுபடி பண்ணக் கடிதம் ரெடி. நாளையிலேர்ந்து உனக்கு ஸ்டோர் ரூம்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினெட்டு வருஷ முழங்கால் வலியை ஒரு கையெழுத்தில் துடைத்துப் போடப் பார்க்கிறான் பாவி.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்களே வந்து எண்ணுங்க," என்றாள்.

வந்தார், கடிதத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு. தேய்த்த பேண்ட்டோடு ஈர மண்ணில் மண்டியிட்டார். முரடன் ஒவ்வொன்றின் அடியிலும் எண் அடித்த தகடு கம்பியில் தொங்கியது. முதல் வருஷம் அவள் கட்டிய கம்பிகளைத் தண்டு பாதி விழுங்கியிருந்தது. அவர் இரண்டு தடவை எண்ணினார். அவள் உதவவில்லை.

"சரி. நாற்பத்தொண்ணுதான்." முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நோட்டு முழுக்க சரின்னு எழுதிடறேன். இதுல பெரிய கெட்டிக்காரத்தனம் ஒண்ணுமில்ல. மாறாத செடியை எந்தக் கத்துக்குட்டியும் எண்ணிடுவான்."

ஜெயித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். கத்துக்குட்டி என்ற அந்த ஒரு சொல்தான் அவளைக் கெடுத்தது.

"பொய்யைக்கூட சரியான இடத்துல தேடத் தெரியல உங்களுக்கு." நோட்டைப் பிரித்து விரலை வைத்தாள். "அல்பாயுசு, ஒன்பதாவது வருஷம் இருநூத்தி எண்பத்தாறு. பத்தாவது வருஷமும் இருநூத்தி எண்பத்தாறு. துளி மழையில்லாத வருஷம் அது. செடி தெரிஞ்சவங்க கண்ணுல இதுதான் முதல்ல பட்டிருக்கும். அந்த வருஷம் நான் எண்ணவேயில்ல. பார்த்து எழுதினேன்."

அவர் முகம் மலர்ந்தது. "நீயே ஒத்துக்கற. ஒரு வருஷம் பொய்ன்னா மொத்தமும் பொய்தான்." கடிதத்தை நோட்டின்மேல் வைத்துப் பேனாவைத் திறந்தார். "எண்ணற வாரத்துல எங்க ஊர் சுத்தப் போயிருந்த?"

"ஆஸ்பத்திரியில இருந்தேன். அக்காவுக்கு ஆபரேஷன். எட்டு நாள் அவ கட்டிலுக்குக் கீழதான் படுத்துக் கிடந்தேன். நீங்க வெளிநாட்டுல மாநாட்டுல இருந்தீங்க, அத்தான். வர முடியாது, நீயே பார்த்துக்கோன்னு போன் பண்ணினீங்க."

நிலையத்தில் அவரை அப்படி அவள் அழைத்தது அதுதான் முதல் தடவை.

கடிதத்தில் 'தள்ளுபடிக்கான காரணம்' என்று ஒரு காலியிடம் இருந்தது. பேனா அங்கே போய் நின்றது.

"எழுதுங்க அத்தான்," என்றாள். "ஒண்ணு விடாம எழுதுங்க. ஒரு நகல் நான் அக்காவுக்குக் கொண்டுபோகணும்."