முதல் தண்ணீர்

முதல் குத்திலேயே திருப்புளி வழுக்கி யின்ஹுவாவின் கட்டைவிரலைக் கிழித்தது. அமுக்கிக் காயவைத்த தேயிலை வட்டிலிருந்து ஒரு துகள்கூடப் பெயரவில்லை. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடியும் ஓங்கினாள்.

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரமானது. அவள் புருஷன் தெலின் மூன்று நாளாக எதுவும் சாப்பிடவில்லை. கண் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

"நடுக்குழியில போய் குத்துறியே புள்ள. துணி முடிச்சு உக்காந்த எடம் அது. கல்லாட்டம் இருக்கும்."

"பின்ன எங்க குத்துறது?"

"எனக்கென்ன தெரியும்? நான் அமுக்குறவன். உடைச்சுப் பாத்ததா சரித்திரமில்ல."

முப்பத்தொரு வருஷம். ஆவியில் வெந்த இலையைத் துணியில் முடிந்து, மேலே கல்லை வைத்து, கல்மேல் ஏறி நின்று இடமும் வலமுமாக ஆடி ஆடி அமுக்கியவன். இரண்டு முழங்காலும் அதிலேயே போயின. வீட்டில் குடித்ததெல்லாம் பொறுக்குகிறவர்கள் கழித்துப்போட்ட மஞ்சள் இலைதான். கெட்டிலில் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். வருஷக்கணக்கில் கிடந்து பழுத்த தேயிலை பட்டணத்துக்காரர்களுக்கு.

இந்த ஒரு வட்டு மட்டும் வேறு. மகன் யோங்கான் பிறந்த வருஷம், சொந்த மரத்து இலையைப் பறித்துத் தெலின் தனக்கென்று அமுக்கியது. இருபத்தாறு வருஷமாகப் பரண்மேல் கிடந்தது. இன்று விடிந்ததும் அவன் கேட்டான்: "அதைக் குடிச்சிட்டுப் போயிடுறேன்."

பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்த யோங்கான் தலையில் கைவைத்தான்.

"ம்மா! என்ன காரியம் பண்ற? தேயிலை வாங்குற குவாங்சோக்காரர் மத்தியானம் வந்துருவாரு. வட்டு உங்களுக்குத்தான்னு சொல்லிட்டேன்."

"யார் வட்ட யார் குடுக்கிறது?" என்றாள்.

"அவருக்கு இப்ப ருசி தெரியவா போகுது? நாக்கெல்லாம் வெந்து கெடக்கு."

யின்ஹுவா திருப்புளியை அவன் பக்கம் நீட்டினாள். "தெரியுது, தெரியாமப் போகுது. அது அவரு நாக்கு. சும்மா நிக்கிறதுன்னா நில்லு. இல்ல, வெளிய போ."

அவன் போகவில்லை. அவள் வட்டைத் திருப்பி விளிம்பில் குத்தினாள். திருப்புளி சறுக்கிக்கொண்டு உள்ளே போனது. இலை அடுக்காகப் பிரிந்து வந்தது. மழையில் நனைந்து காய்ந்த மரத்தின் வாசம்.

"பூஞ்சை புடிச்சிருச்சாடா?"

"இல்லம்மா. பழுத்தா அப்படித்தான் இருக்கும்." சந்தையில் தேயிலைக் கடையில் வேலை பார்க்கிறவன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஐயோ, கெட்டில்ல போடாத! மூடிக் கிண்ணத்துல போடு. கொதிக்கிற தண்ணிய ஊத்து. உடனே கொட்டிடணும். முதல் தண்ணி கழுவுற தண்ணி."

"கொட்டாதீங்கடா," என்றான் தெலின். "என் கால் அழுக்கு பூரா அதுலதான் இருக்கு. நானே குடிச்சுக்கிறேன்."

கையில் ரத்தத்தோடு யின்ஹுவா சிரித்துவிட்டாள். எவ்வளவு நேரம் மூடிவைப்பது என்று தெரியாமல் மஞ்சள் இலைக்கு வைக்கிற நேரம் வைத்தாள். சோயாச் சாறுபோலக் கறுப்பாக இறங்கியது. ஆற்றி, ஒரு கரண்டி ஊட்டினாள். அவன் விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தான். மகனும் ஓரடி கிட்டே வந்தான்.

"எப்படியிருக்குய்யா?"

"கசக்கவே இல்ல." கூரையைப் பார்த்தான். "இதையா இத்தன நாளா பட்டணத்தானுங்க குடிச்சானுங்க? திருட்டுப்பயலுங்க. இன்னும் ஊத்து."

மூன்று கரண்டி இறங்கியது. நான்காவது கடைவாயில் வழிந்தது. அவள் துடைத்தாள்.

ஊர் முறைப்படி செத்தவன் வாயில் அரிசியும் வெள்ளித்துண்டும் தேயிலையும் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி மஞ்சள் இலை கொண்டுவந்தாள். யின்ஹுவா அவள் கையை ஒதுக்கிவிட்டு, கிண்ணத்தில் விரிந்து கிடந்த இலையில் பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தாள்.

குவாங்சோக்காரர் வந்தபோது சவப்பெட்டி தூக்க வந்த எட்டுப் பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேரும் கல்மேல் நின்றவர்கள்தான். ஒருவனுக்கும் கால் மடங்கவில்லை. அவர் விளிம்பு உடைந்த வட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மிச்சத்தையாவது அப்படியே..."

"சாவு வீட்டுக்கு வந்தவங்களுக்கு டீ குடுக்கணும்," என்றாள் யின்ஹுவா. "நீங்களும் வந்திருக்கீங்க. கடைசியில உக்காருங்க."

மிச்சத்தையும் விளிம்பிலிருந்து பெயர்த்துப் பெரிய பானையில் போட்டு மகனிடம் தள்ளினாள். எட்டுச் சோற்றுக் கிண்ணங்கள் காத்திருந்தன, தள்ளி ஒன்பதாவது.

யோங்கான் வெந்நீர் ஊற்றினான். பழக்கத்தில், முதல் தண்ணீரைக் கொட்டப் பானையை முற்றத்துப் பக்கம் சாய்த்தவன் கையை நிறுத்தினான். உள்ளே போய் ஒரு கிண்ணம் எடுத்துவந்து, அதில் நிரம்புகிற அளவு வடித்தான். மீதியையும் கொட்டாமல் கெட்டிலில் ஊற்றிவைத்தான்.

நின்றபடியே, சூடு ஆறுமுன் குடித்தான்.