தெருவிலேயே பேசி முடித்தது

தையல்நாயகி சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து புடவை மூட்டையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கைலாசம் மிதித்தான். இருபது நாள் தறியில் குனிந்து நெய்த அரக்குப் புடவை. கடையில் சேர்க்க வேண்டும். ஆனால் அவள் கூடவே கிளம்பியதற்குக் காரணம் புடவை இல்லை. அவன் கடையில் காத்திருக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்சம்மா லில்லியைப் பார்த்துவிட வேண்டும். தையல்நாயகிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது; குளித்து எழுபது நாளாகிவிட்டது.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டு முறையும் கைலாசம் சந்தோஷம் தாங்காமல் தெருவெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு யார் முகத்திலும் விழிக்க முடியாமல் கிடந்தான். இந்த முறை லில்லி நிச்சயமாகச் சொல்லட்டும், திரும்பி வரும்போது அவன் காதில் போடலாம் என்று வாயைக் கட்டிவைத்திருந்தாள்.

அது அறுபத்தெட்டாம் வருஷத்து ஆவணி. கல்யாணப் புடவை எடுக்க மெட்ராஸிலிருந்து கார்கள் வந்து குவிகிற மாதம். இரட்டை மண்டபத்தருகே திரும்பிய ஒரு அம்பாசிடர், குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கப்போய், சைக்கிளின் பின்சக்கரத்தில் இடித்தது. பெரிய இடி இல்லை. கைலாசம் காலை ஊன்றி நின்றுவிட்டான். தையல்நாயகி உட்கார்ந்த வாக்கிலேயே தெருவில் பொத்தென்று விழுந்தாள். மூட்டையை மட்டும் விடவில்லை.

"புடவைக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கைலாசம் ஓடிவந்தான்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ மூட்டையைப் பிரித்தார்கள். நாலு பேர் புடவையை வெயிலில் விரித்துப் பிடித்தார்கள். முந்தானை ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சேறு. "ஜரிகையில படலப்பா, தப்பிச்சுது" என்றார் ஒருவர். "ரிம்மு கோணிக்கினு கெடக்குது பாரு" என்றார் இன்னொருவர்.

கார்க்காரர் கதவைத் திறந்து இறங்கினார். தங்கப் பிரேம் கண்ணாடி போட்ட பெரிய மனிதர். "ஸ்டேஷன், கேஸுன்னு போனா ரெண்டு பேருக்கும் அலைச்சல். இன்சூரன்ஸுக்கு எழுதிப் போட்டா ஆறு மாசம் இழுப்பான். இங்கேயே பேசி முடிச்சுக்கலாமே" என்றார்.

டிரைவர் தர்மன் கைலாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, போலீஸுக்குப் போனா என் லைசென்ஸ் போயிடும்ணே. மூணு புள்ளைங்கண்ணே."

டீக்கடைக்காரர் நடுவில் நின்று பேசினார். சக்கரத்துக்கும் புடவைக்கும் சேர்த்து அறுபது ரூபாய் என்று முடிந்தது. கைலாசத்துக்கு அது திருப்திதான்.

தர்மன்தான் அவளிடம் வந்து கேட்டான். "அக்கா, உங்களுக்கு அடி கிடி பட்டுச்சா?"

சுற்றிலும் முப்பது ஆண்கள். இடுப்பில் ஒரு வலி மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. முழங்கை சிராய்ப்பை முந்தானையால் மூடிக்கொண்டு, "ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கோணல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். மூன்றாம் நாள் காலை, கிணற்றடியில் அவள் புடவை ரத்தத்தில் நனைந்தது. கைலாசம் ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எல்லாம் முடிந்தபின் லில்லி வெளியே வந்து அவனிடம், "மூணாவது மாசம்பா" என்றபோதுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது.

"விழுந்ததாலயாம்மா?" என்று கேட்டான்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். முன்னாடியே ரெண்டு தடவை போயிருக்குதே. யாரால சொல்ல முடியும்?"

உள்ளே வந்து கட்டிலோரம் நின்றான். "அன்னிக்கே ஏன் சொல்லல தையலு?"

"அத்தன பேருக்கு நடுவுல இன்னான்னு சொல்லுவேன்?" அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க புடவையைப் பாத்துக்கினு இருந்தீங்க."

அவன் வராந்தாவில் போய் உட்கார்ந்து, தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு அவனுக்கு ஆத்திரம் பிடித்தது. ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று கிளம்பினான். என்ன சொல்லிப் போவது? கார் நம்பரை யாரும் குறிக்கவில்லை. பெரிய மனிதரின் பேரைக்கூட யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. "அன்னிக்கே பேசித் தீர்ந்துபோச்சேப்பா" என்று டீக்கடைக்காரர் கைவிரித்தார்.

இருபது நாள் கழித்து தர்மன் தானாகவே வந்தான். முதலாளி வீட்டார் ரவிக்கைத் துணி எடுக்க மறுபடி வந்திருந்தார்களாம். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்றான். "உங்க புண்ணியத்துல வேலை நெலைச்சுதுண்ணே. அக்கா சுகமா?"

கைலாசம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான். அடிக்கத்தான் எழுந்தான். ஆனால் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் கையே தளர்ந்துபோயிற்று. தர்மன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வாங்கண்ணே, ஸ்டேஷனுக்குப் போலாம். நானே சொல்றேன். எழுதிக்கிடட்டும்" என்றான். வெறும் பேச்சாக அவன் அதைச் சொல்லவில்லை.

தையல்நாயகி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள்.

"மாடு வந்துச்சே, பிரேக் போட்டியாப்பா?"

"போட்டேங்க்கா. என் புள்ளைங்க மேல சத்தியமா போட்டேன்."

"அப்ப உம்மேல தப்பு இல்ல. பழத்த எடுத்துக்கினு போ. புள்ளைங்களுக்குக் குடு."

அவன் பழத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கைலாசம் அன்று தறியில் இறங்கவில்லை. அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். விழுந்த நாளிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு விடாதவள், அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை அழுதாள். அவர்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை உண்டாகவில்லை.