ஹர்லே ஊர் தாழ்ந்ததும் உயர்ந்ததும்

மேற்குக்காரர்களின் முகாமில் புதிய குண்டுப் பெட்டிகள் வந்திறங்கிய அன்று, ஹர்லே ஊர் அந்தப் பக்கமாக நான்கு விரற்கடை சாய்ந்தது. பானைகள் மேற்கே நகர்ந்தன, ஆடுகள் கிழக்கே ஏறிப் போய் மேய்ந்தன. அடுத்த வாரமே கிழக்குக்காரர்களும் தங்கள் முகாமில் பெட்டிகளை இறக்கி, சமன் செய்துவிட்டோம் என்றார்கள். ஊர் நேரானது உண்மைதான். ஆனால் மொத்தமாக ஒரு சாண் கீழே போயிருந்தது.

ஆப்பிரிக்காவின் ஜிபூட்டிக் கரையில் இப்படி இரண்டு வல்லரசுகள் எதிரெதிரே குடியிருந்து, ஒன்றைப் பார்த்து ஒன்று ஆயுதம் சேர்த்தன. சில வருடங்களில் கடல், போதைக்கு மெல்லும் காத் இலை விற்கும் கின்சியின் அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டது. இரண்டு தளபதிகளிடமும் போய்க் கேட்டாள். அவன் முதலில் குறைக்கட்டும் என்றார்கள் இருவரும். குறைக்கிற பக்கம் மேலெழும்பும், அந்த முகாமே எதிரியின் மடியில் உருண்டு விழும். அந்தப் பயம் அவர்களுக்கு. முழுகுவது யார் வீடு என்ற கவலை எவனுக்கும் இல்லை.

அந்த வருடம் நடுக்கடலில் இரு நாட்டுக் கப்பல்களும் உரசிக்கொள்ள, பீரங்கிகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பின. குறுக்கே இருந்தது கின்சியின் வீடு.

மேற்கு முகாமில் கிரேன் ஓட்டுபவன் அவள் தம்பி ரோப்லே. கிழக்கில் ஓட்டுபவன் அவள் கணவன் வயீஸ். இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, முகாம் பெட்டிகளைக் கடலில் போடச் சொன்னாள்.

"நான் போட்டுட்டு நிக்கும்போது உன் புருஷன் கம்முனு இருந்துட்டா? என் முகாமே அவன் தலையில உருளும்க்கா" என்றான் ரோப்லே.

"உன் மண்டைய விடக் காலியா எது உருளப் போகுது மச்சான்?" என்றான் வயீஸ்.

"வாய மூடுங்க ரெண்டு பேரும். தினமும் காத் லாரி ஹாரன் அடிக்கிறப்ப ஆளுக்கொரு பெட்டி கடல்ல விழணும். விழலைன்னா ஒரு இலை கிடையாது. கட்டினவனுக்கும் கிடையாது, கூடப் பொறந்தவனுக்கும் கிடையாது."

மதியம் மலையிலிருந்து லாரி வந்துவிட்டால் ஹர்லேயில் யாரும் வேலை செய்வதில்லை. அந்த வெயிலில் வெளிநாட்டுச் சிப்பாய்களும் குளிர்ந்த அறைகளில் தூங்கப் பழகியிருந்தார்கள்.

மறுநாள் ஹாரன் அடித்தது. ரோப்லே போட்டான். வயீஸ் போடவில்லை. ஊர் கிறீச்சிட்டுச் சாய்ந்தது. மேற்கு முகாமின் பீரங்கிகள் கிழக்கே நகரத் தொடங்கின. முழங்கால் நீரில் நின்று கின்சி கத்தினாள்: "போடுய்யா, பாவி!" பெட்டி விழுந்தது. கம்பி சிக்கிக்கொண்டது என்றான் பிறகு. அவள் நம்பவில்லை. அன்று அவனுக்கு வாடிய இலைதான்.

அதன்பின் கம்பி சிக்கவே இல்லை. பெட்டிகள் தீர்ந்தபோது தளபதிகள் கண்டுபிடித்தார்கள். ஆனால் புதிதாகக் கேட்டால் கைவசம் இல்லை என்பது எதிரிக்குத் தெரிந்துவிடும். இருவருமே எல்லாம் நிறைந்திருப்பதாகத் தலைநகரங்களுக்குச் சொன்னார்கள். எதிரியிடமும் ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியாது. பெருநாளுக்குப் பெருநாள் மிகுந்த மரியாதையோடு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறார்கள்.

ஊர் இப்போது முன்பு இருந்ததைவிட ஒரு முழம் உயரத்தில் நிற்கிறது. ஏறி வரும்போது வண்டி இழுக்கவில்லை என்று காத் லாரிக்காரன் மட்டும் தினமும் முனகுகிறான்.