நீல்டாவின் காரில் விழாத கியர்

"கியர்பாக்ஸை நொறுக்கினது நீதான். கையா அது, உலக்கை" என்று நீல்டா போட்ட சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

"அண்ணி, ஒம்போது வருஷமா ஓட்டறேன். இன்னைக்குக் காலையிலதான் உலக்கையாச்சா?" என்றான் ஓஸ்மானி. அவள் புருஷனின் தம்பி. அவளுடைய டாக்சிக்கு ஓட்டுநர்.

ஹவானாவின் அந்தச் சந்தில் பால்கனிகளெல்லாம் அதற்குள் நிரம்பிவிட்டன. கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷத்தது. ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும் கம்பியை எப்படித் தள்ளினாலும் கியர் விழாமல் கரகரத்தது. இரண்டு மணிக்கு அரசு சோதனை. தவறினால் டாக்சி உரிமம் போய்விடும். நீல்டாவுக்கு வேறு பிழைப்பில்லை. மணி பதினொன்று.

மெக்கானிக் எர்மேலியோ அணைந்த சுருட்டோடு வந்தார்.

"கியர் பெட்டிய எறக்கிடுங்க" என்றாள் நீல்டா.

"எறக்கினா மூணு நாளு. செத்த வாய மூடிக்கிட்டு இரும்மா."

எஞ்சினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, சத்தமில்லாமல் விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டுப் போட்டார். கரகர.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. கிளட்ச் முழுசா விடல. உள்ள பல்லு சுத்திக்கிட்டே இருந்தா எப்படிச் சேரும்?"

அந்த கிளட்ச் ஒரு ரஷ்ய ஜீப்பிலிருந்து வந்து குடியேறியது. எண்ணெயின் அழுத்தத்தில் இயங்குவது. எண்ணெய்க் குப்பியைத் திறந்தார். நுரை பொங்கி வழிந்தது. ரோஜா வாசனை.

எண்ணெய் கிடைக்காத நாளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஷாம்பு ஊற்றாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. முந்தின நாள் குப்பி குறைந்திருக்கிறதே என்று, மயாமியிலிருந்து அக்காள் அனுப்பிய, நுரை அதிகம் வரும் உயர்ந்த ரக ஷாம்புவை ஊற்றியது நீல்டாவேதான்.

"நுரைய மிதிச்சா அழுத்தம் எங்கருந்து வரும்? யாரு பாத்த வேலை இது?" என்றார் எர்மேலியோ.

ஓஸ்மானி அவளுடைய பளபளக்கும் கூந்தலை மட்டும் பார்த்தான். பால்கனிகளும் பார்த்தன.

"மணியாவுது, வேலையப் பாருங்க" என்றாள் நீல்டா.

குப்பியையும் குழாயையும் கழுவி, எர்மேலியோ பதுக்கி வைத்திருந்த அரை பாட்டில் அசல் எண்ணெயை ஊற்றினார்கள். "மிதி... விடு... மிதி" என்று அவர் காரடியிலிருந்து சொல்லச் சொல்ல, காற்று வெளியேறும்வரை ஓஸ்மானி மிதித்தான். ஒன்றரை மணிக்குக் கியர் விழுந்தது. சோதனையிலும் கார் தேறியது.

திரும்பும் வழியெல்லாம் 'தப்பு என்னுதுதான்' என்ற ஒரு வார்த்தைக்காக ஓஸ்மானி காத்திருந்தான். நீல்டா கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுவாரம் டாக்சி சாவியை அவள் மேசையில் வைத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டான். அன்று சோதனைக்கூடத்தில் காருக்கு முத்திரை குத்திய பெண்ணையே கட்டிக்கொண்டு, இப்போது தூரத்துக் கமகுவே ஊரில் இருக்கிறான்.