நாலாயிரம் முறை ஓடிய பாட்டு

அண்ணன் அவளைப் பாட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவான். கேலியாகத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. வார நாளெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் கையில் ஊசி குத்துகிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து, எதிரொலி வராமலிருக்கப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்கப் பாடுவாள். கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது. தானே எழுதி, தானே பாடி, தானே இணையத்தில் ஏற்றுவாள்.

மூன்று பாட்டு ஏற்றியிருந்தாள். முதல் இரண்டையும் ஒருத்தரும் சீண்டவில்லை. மூன்றாவது மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. நாளுக்கு எண்பது, நூறு என்று ஏறி, ஒன்றரை மாதத்தில் நாலாயிரம் முறை ஓடிவிட்டது. பல் விளக்கும் முன்பே போனை எடுத்து அந்த எண்ணைப் பார்ப்பாள். முன்பின் தெரியாதவர்கள் கேட்கிறார்கள்! தலைகால் புரியுமா? போன வாரம், வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தே விட்டாள். அவர்களும் ஆற அமர யோசிக்கவில்லை, மூன்றே நாளில் அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை மதியம், பாட்டை ஏற்றியிருந்த இணையதளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரே இடத்திலிருந்து பல போன்களில் பாட்டு இடைவிடாமல் ஓடியிருக்கிறது, இது மோசடி, மூன்று பாட்டையும் நீக்கிக் கணக்கையும் மூடிவிட்டோம் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள், படுபாவிகள்.

பல போன்கள் என்று படித்ததும் அவளுக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. நேரே அண்ணனின் போன் ரிப்பேர் கடைக்குப் போனாள்.

"அண்ணா, என் பாட்டை இங்க ஓட விட்டியா?"

அவனுக்கு முகமெல்லாம் பல். "கண்டுபிடிச்சிட்டியா பாட்டுக்காரி! ரிப்பேர் பண்ணின போன்ல பேட்டரி நிக்குதான்னு பாக்க எப்படியும் ரெண்டு மணி நேரம் எதையாவது ஓட விடணும். அது உன் பாட்டா இருந்துட்டுப் போகட்டுமே!"

அவள் மின்னஞ்சலைக் காட்டினாள். அவன் படித்தான். மறுபடியும் படித்தான். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"ஐயோ... நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன். தப்பு என்மேலதான்னு நானே அவங்களுக்கு எழுதறேன்."

"எழுது, எழுதாம போ. நிஜமா கேட்டவங்க எத்தனை பேர் இருப்பாங்க? அதைச் சொல்லு."

அவன் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டான். பாதியில் விட்டுவிட்டான்.

அவளுக்கு விட மனசில்லை. "சரி, கடைக்கு வந்தவங்க? ஒருத்தராவது நின்னு கேட்டாங்களா? இது யார் பாட்டுன்னு விசாரிச்சாங்களா?"

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பத்து போன் ஒண்ணா கத்தினா எப்படிம்மா வேலை பாக்கறது? சத்தத்தைச் சுத்தமா நிறுத்தித்தான் வச்சிருந்தேன்."