பச்சைப் பெயிண்டில் ஒரு கட்டைவிரல்

“எஞ்சின்ல தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி, நனையாம டிஸ்ட்ரிபியூட்டர் மேல பிளாஸ்டிக் பை கட்டினீங்களா?”

“கட்டியாச்சு தாயே. நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நான் இவ்வளவு தேய்ச்சுக் குளிக்கலை.”

“அது அன்னைக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு,” என்றாள் மனைவி, காரின் அடியிலிருந்து.

மறுநாள் பழைய கார்களுக்கான போட்டி. அறுபது வயதான அந்தக் கார் அவளுடையது. மூன்று வருடமாக இரண்டாம் பரிசோடு திரும்பி வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பவள். பானட்டுக்குள் சின்னக் குறை இருந்தாலும் மதிப்பெண் போய்விடும்.

எஞ்சினுக்குப் பின்னால் இதுவரை யார் கையும் போகாத தகட்டை அவன் பழைய பல் பிரஷால் தேய்த்தான். எண்ணெய்ப் பிசுக்கு நுரையோடு கறுப்பாக வழிய, அடியில் பச்சைப் பெயிண்ட் மெல்ல விடிந்தது. அதன் நடுவே ஒரு கட்டைவிரல் ரேகை. பெயிண்ட் காய்வதற்குள் தொழிற்சாலையில் யாரோ தொட்டிருக்கிறார்கள்.

அவன் தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தான். ரேகை சிறியது, ஒரு பெண்ணுடையதாக இருக்கலாம். குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொடுவதுபோல் அந்தப் பெண் தொட்டதும், யாரும் பார்த்துவிட்டார்களா என்று திரும்பியதும் அவன் கண்ணில் ஓடின. கூரைக் கண்ணாடி வழியே அவள் தோளில் விழுந்த வெயில்கூடத் தெரிந்தது.

“என்ன, எஞ்சினுக்குள்ள விழுந்துட்டீங்களா?”

எழுந்து வந்த மனைவி ரேகையைப் பார்த்தாள். உப்புத்தாளை நனைத்தாள்.

“இதுக்கே நாலு மார்க் போயிடும். தேய்ச்சுட்டு ஒரு கோட் அடிச்சா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். கையை எடுங்க.”

அவன் எடுக்கவில்லை.

“இதை மட்டும் விட்டுடலாமா?”