முதுகுப் பொத்தான்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்தது கட்டுரை: அமெரிக்க அதிபர்களின் மனைவிமார் பத்தாண்டுக்குப் பத்தாண்டு என்ன உடுத்தினார்கள் என்று. தொப்பிக் காலம், கையுறைக் காலம், தோளில் பஞ்சு வைத்துத் தைத்த காலம் என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் வெர்னா டோலிவர் வந்து உட்கார்ந்துவிட்டாள். எண்பத்து நாலு வயசு, ஓர் அதிபர் மனைவிக்கு உடுத்திவிட்டவள். (எந்த அதிபர் என்று குடையாதீர்கள். எல்லாரும் என் கற்பனை.)

2

வாஷிங்டனில் அன்று பனி

(வேண்டாம். பனி இல்லாமலே சொல்கிறேன்.)

பதவியேற்பு நாள். நடன விருந்துக்குக் கார் வாசலில் நிற்கிறது. பச்சைப் பட்டு அங்கி அன்று மதியம்தான் நியூயார்க்கிலிருந்து வந்தது. முன்னும் பின்னும் ஒரே வெட்டு, இருபத்திரண்டு பொத்தான். போட்டு முடித்த பிறகுதான் கூட வந்த படத்தைப் பார்த்தாள் வெர்னா: பொத்தான் முதுகில் வரவேண்டும். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதிபரின் மனைவியான அந்த அம்மாள் கண்ணாடியைப் பார்த்தார். "விடு வெர்னா. கேட்டா, நான்தான் இப்படி வேணும்னேன்னு சொல்லிக்கிறேன்."

சொன்னார். பத்திரிகைகள் துணிச்சல் என்று கொண்டாடின. அடுத்த மாதமே ஊர்ப் பெண்களெல்லாம் முன்பக்கப் பொத்தானோடு திரிந்தார்கள். வடிவமைத்தவர் மட்டும் சாகும்வரை, "நான் அப்படி வரையல" என்று புலம்பினார். யாரும் நம்பவில்லை.

3

அதிபர் மனைவியர் பதவியேற்பு நாளில் உடுத்திய அங்கியைக் கொடுத்துவிடும் வழக்கப்படி இதுவும் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. ஐம்பது வருஷம் கழித்து இப்போது காட்சிக்கு வைக்கும் புதுப் பொம்மைக்கு அதை உடுத்துகிறார்கள். பொறுப்பாளர் ஹேசல் கிரீலியின் ஒரு கையில் வடிவமைத்தவர் வரைந்த படம், மறுகையில் விருந்துப் புகைப்படம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வெர்னாவை வரவழைத்துவிட்டாள்.

"மிஸஸ் டோலிவர், அவங்க கேட்டுத்தான் இப்படிப் போட்டுவிட்டீங்களா?"

முடிவு அ: வெர்னா உண்மையைச் சொல்கிறாள். செத்துப்போன வடிவமைத்தவரின் பேச்சு மெய்யாகிறது, அம்மாளின் துணிச்சல் பொய்யாகிறது. (பணிப்பெண்ணின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டதும் துணிச்சல்தானே? ஐயோ, எனக்கே குழப்பம்.)

முடிவு ஆ: "ஆமாம்" என்கிறாள். அம்மாளுக்குச் செலுத்திய நன்றி, அந்த மனிதருக்குச்

(அடித்துவிட்டேன். இரண்டுமே சரி, இரண்டுமே அநியாயம்.)

4

வெர்னா ஹேசலிடம் கை நீட்டினாள். கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு, அங்கியைத் தானே பொம்மைக்கு மாட்டினாள். முதல் பொத்தானைப் போட்டாள்.

அவள் பொம்மைக்கு எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நீங்கள் பொம்மையின் முகத்துக்கு நேரேதான் நிற்கிறீர்கள். பொத்தான் தெரிகிறதா?